புழு குளவியாகவில்லை

அன்புள்ள மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கிள்ளானுக்கு ரயிலேறிப் போன பிறகு இந்த வீட்டில் இரண்டு பொருள் குறைகிறது. ஒன்று உன் தகரப்பெட்டி. அது போகவேண்டியதுதான், இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை ஏற்கப் போகிறவன் பெட்டி இல்லாமல் போக முடியாது. மற்றது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பிரம்பு. அதை நீ எடுத்துத் தூசி தட்டி, பழைய வேட்டித் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாய். "அம்மா, என்னை மனிசனாக்கினது இதுதான். இதையும் கொண்டு போறன். முதல் நாள் வகுப்பிலை பெடியளுக்கு நீங்கள் சொன்ன குளவிக் கதையைத்தான் சொல்லப்போறன்" என்றாய். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். நான் திருநீறு பூசிவிட்டேன். ஒரு சொல் பேசவில்லை. உன் அம்மாவின் வாய் எப்படிப்பட்ட வாய் என்று இந்தச் சாலாக் செலாத்தான் ஊர் முழுவதற்கும் தெரியும். அது அன்று அடைத்துப்போனதைப் பார்த்து, பிள்ளையைப் பிரிகிற துயரம் என்று நீ நினைத்திருப்பாய். துயரம் இருந்தது. ஆனால் என் வாயைக் கட்டியது பயம். வருகிற திங்கட்கிழமை உன் வகுப்பு தொடங்குகிறது. யார் யாரோ பெற்ற பிள்ளைகள் அந்தப் பிரம்புக்கு முன்னால் வந்து உட்காரப்போகிறார்கள். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கவேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன், ஆனால் உனக்குத் தெரியாத பக்கத்திலிருந்து. உன் அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்த காலத்தில் நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் குவாட்டர்ஸில் வசித்தோம். உனக்கு எட்டு வயதில் காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வா என்று உன் மாமா கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். திரும்பிப் போனால் ஒரு மூலையில் வெள்ளைச் சேலையோடு உட்கார வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். நான் போகவில்லை. இங்கே, ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டைக்குப் பக்கத்தில் இந்தப் பலகை வீட்டையும் கொஞ்ச நிலத்தையும் வாடகைக்கு எடுத்தேன். புடலை போட்டேன், கத்தரி போட்டேன், கடுகுக்கீரை விதைத்தேன். காய்த்ததைக் கூடையில் வைத்து, எந்தக் குவாட்டர்ஸில் கிளார்க்கின் மனைவியாக இருந்தேனோ அதே குவாட்டர்ஸின் பின்வாசல்களுக்குக் கொண்டுபோனேன். "என்ன, நீங்களே சுமந்துகொண்டு வாறியளோ?" என்று ஒருத்தி கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள் போலும். எனக்கு அது குத்தலாகப் பட்டது. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்: என் பிள்ளை மேசைக்கு முன்னால் உட்காருகிறவனாக வரவேண்டும், அவன் அப்பாவைப்போல, வேறு எவரைப்போலவும் இல்லை.

நீயோ, வேறு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாய். கணக்கு செய்யச் சொன்னால் வாய்க்கால் ஓரத்தில் குந்தி எறும்பு போகிற வழியைப் பார்ப்பாய். சந்தைக்கு அனுப்பினால் தும்பியின் பின்னால் போவாய். கேள்வி மட்டும் ஓயாது. அந்த நாளில்தான் கோயிலில் ஒரு பிரசங்கம் கேட்டேன். குளவி ஒரு புழுவைத் தூக்கி வந்து மண்கூட்டில் வைக்கிறது, அதைச் சுற்றிச் சுற்றி ரீங்காரம் செய்கிறது, கொட்டுகிறது. புழு குளவியையே நினைத்து நினைத்து ஒரு நாள் தானும் குளவியாகிச் சிறகு விரித்துப் பறக்கிறது, குரு சீடனை ஆட்கொள்வதும் அப்படித்தான் என்று அந்தப் பெரியவர் சொன்னார். அவர் சொன்னது கருணையை. என் காதில் விழுந்தது கொட்டுவது மட்டும். திரும்பி வருகிற வழியில் பிரம்பு வாங்கினேன். அதற்குப் பிறகு நடந்ததை உன் முதுகு அறியும். ஒவ்வொரு அடிக்கும் பிறகு அந்தக் கதையைச் சொன்னேன். அடித்த கையாலேயே எண்ணெய் தடவிக்கொண்டு சொன்னேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

புடலங்கொடியில் பச்சைப்புழு விழுந்த வருஷம் உனக்குப் பதினொரு வயது. முதுகை வளைத்து வளைத்து நடக்குமே, அந்தப் புழு. அந்துப்பூச்சி இலையில் ஒவ்வொன்றாக முட்டை வைத்துவிட்டுப் போகும். நாலு நாளில் பொடிப்புழு. பிறகு இலை சல்லடை. பக்கத்துத் தோட்டத்துச் சீன அக்கா தூபா வேரைக் கொண்டுவந்து, தட்டிப் பிழிந்து, பால்போல வந்த தண்ணீரைத் தெளிக்கக் காட்டித் தந்தாள். அவளுடைய மலாயும் என்னுடைய மலாயும் சேர்ந்தால்தான் ஒரு முழு வாக்கியம் வரும். ஆனாலும் அந்த வேர் ஆற்றில் மீனையே மயக்கிக் கொல்லும் என்பது எனக்கு விளங்கியது. தெளித்தேன். புழு செத்தது. சில வாரத்தில் முன்னைவிட அதிகமாக வந்தது. மறுபடி தெளித்தேன். நீ கொடிக்குக் கீழே மண்ணில் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, புழுவோடை சின்னச் சின்ன கறுப்புப் பூச்சியளும் செத்துக் கிடக்குது. அதுகள் இலையைத் தின்னிற பூச்சி இல்லையே, அதுகளை ஏன் கொல்லுறியள்?" என்று கேட்டாய். போய்ப் படி என்றேன்.

நீ படித்தாயோ இல்லையோ, விளக்குக் கண்ணாடி ஒன்றை எடுத்து, இரண்டு வாயையும் துணியால் கட்டி, உள்ளே ஒரு பச்சைப்புழுவை வைத்து இலை போட்டு வளர்த்தாய். நான் பார்த்தும் பாராதவள்போல இருந்தேன். அந்தப் புழு மற்றப் புழுக்களைவிடத் தடித்தது. பிறகு இலையை விட்டது. பிறகு அசைவை விட்டது. பச்சை போய் வைக்கோல் நிறமாகி, தோலுக்குள்ளே அவல் நெருக்கிக் கட்டிய பொட்டலம்போல விறைத்துக் கிடந்தது. செத்ததை வீசு என்றேன். "இன்னும் கொஞ்ச நாள், அம்மா" என்று கெஞ்சினாய். ஒரு சனிக்கிழமை காலை, குவாட்டர்ஸிலிருந்து இரண்டு பெண்கள் காய் வாங்க வந்திருந்தார்கள். நீ கத்திக்கொண்டு ஓடிவந்தாய். கண்ணாடிக்குள் புகை அடைத்ததுபோல இருந்தது. உற்றுப் பார்த்தால் புகை இல்லை, உயிர். எள்ளை நாலாக உடைத்தால் வருகிற துண்டளவு, கறுப்பாய், சிறகோடு, எண்ணி முடியாத அளவு. ஒரே ஒரு புழுவின் தோலில் ஊசி குத்தியதுபோலத் துளை துளையாக, இன்னும் இன்னும் வந்துகொண்டிருந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெண்களைப் பார்த்து, "பாத்தியளே! புழு குளவியாப் போச்சு! கோயில்லை சொன்னது கண்ணுக்கு முன்னாலை நடந்துபோட்டுது!" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர்களும் கும்பிட்டார்கள். கடவுளே என் வீட்டுக்கு வந்து, நீ செய்வது சரி, இன்னும் அடி என்று சொல்லிவிட்டுப் போனதாக நான் நினைத்தேன்.

நீ கும்பிடவில்லை. "இல்லை அம்மா, புழு மாறேல்லை. உள்ளுக்கிருந்து புழுவைத் திண்டுபோட்டு வந்திருக்குதுகள். தோல் கிடக்குது பாருங்கோ. மாறினதெண்டால் ஒரு புழு ஒரு குளவியாத்தானே வரவேணும்? இத்தனை எப்படி வந்தது?" என்றாய். பதினொரு வயதில் இதைக் கேட்டாய், மகனே. ஊரில் பெரிய பெரிய தலைகள் எல்லாம் கேட்டுத் தலையாட்டிய கதைக்குள் இருந்த ஓட்டையை நீ ஒரு பார்வையில் கண்டுபிடித்தாய். நான் என்ன செய்தேன்? அந்தப் பெண்கள் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாய் என்று பிரம்பை எடுத்தேன். "சொல்லு, புழு குளவியானது எண்டு சொல்லு" என்று அடித்தேன். நீ சொல்லவில்லை. அடித்தேன். "நான் கண்டதைச் சொன்னனான் அம்மா" என்றாய். இன்னும் அடித்தேன். கடைசியில் உன் குரல் வந்தது: "ஓம் அம்மா. புழு குளவியானது." அப்போதுதான் கையை நிறுத்தினேன். கண்ணாடியை நீயே கொண்டுபோய்க் கழுவி வைத்தாய். அதன் பிறகு நீ எதையும் வளர்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. வகுப்பில் முதலாவதாக வந்தாய். சீனியர் பரீட்சை பாஸ் செய்தாய். என்ன சொன்னாலும் மறுக்காமல் "ஓம் அம்மா" மட்டும்தான். என் பிள்ளை எவ்வளவு அடக்கம் என்று பிரிக்ஃபீல்ட்ஸ் முழுவதும் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

போன வருஷம் தூபாத் தண்ணீர் பட்டு எனக்கு இருமலும் முகவீக்கமும் வந்தது நினைவிருக்கும். அந்த வேரைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். புழு விழுந்தால் கையால் பொறுக்குவது என்று தினமும் விடியற்காலையில் கொடிக்கடியில் போய் நின்றேன். கண் முன்போல இல்லை. உன் அப்பா பொடி எழுத்து வாசிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கொண்டுபோனேன். ஒரு நாள் ஓர் இலையின் அடியில் அந்துப்பூச்சியின் முட்டை இருந்தது. அதன்மேல் அந்தக் கறுப்புப் பொடிப்பூச்சி ஒன்று ஏறி நின்றது. முட்டையைத் தன் தலைக்கொம்புகளால் தட்டித் தட்டிப் பார்த்தது, நல்ல தேங்காயா என்று நான் சந்தையில் தட்டிப் பார்ப்பேனே அப்படி. பிறகு பின்பக்கத்தைத் தாழ்த்தி ஊசியை இறக்கியது. கடுகில் கால்வாசிகூட இல்லாத முட்டை. அதற்குள் தன் முட்டையை வைத்துவிட்டு அது பறந்து போய்விட்டது. நூலால் அந்த இலைக் காம்பைக் கட்டி அடையாளம் வைத்தேன். மெல்லிய துணியால் இலையை மூடினேன். முட்டை பொரிந்தது, வந்தது குளவி இல்லை, புழுதான். மற்றப் புழுக்களைப்போலவே தின்றது, தோல் உரித்தது, வளர்ந்தது. நான் ஏமாந்துவிட்டேன் என்று நினைத்தேன். துணியை மாற்றி, இலை போட்டு, பொறுத்துப் பார்த்தேன். அது தடித்தது. அசைவு நின்றது. வைக்கோல் நிறமானது. ஒரு காலையில் துணிக்குள் புகை.

எண்ணத் தொடங்கினேன், நூறு தாண்டியதும் கணக்குத் தவறி விட்டுவிட்டேன். ஒரு தாய், ஒரு தடவை, ஒரு முட்டைக்குள் வைத்துவிட்டுப் போனது இத்தனையாகிப் பெருகியிருக்கிறது. எப்படி என்று எனக்குத் தெரியாது. யாருக்காவது தெரியுமா என்றும் தெரியாது. அந்தப் புழு நடந்தபோதும் தின்றபோதும் தோல் உரித்தபோதும் அது புழுவாகவே தெரிந்தது. உள்ளே வேறு ஒரு கூட்டம் அதன் பங்கைச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தது. கோயில் கருவறைக்கு முன்னால் நிற்கும்போதுகூட எனக்கு அப்படி ஒரு நடுக்கம் வந்ததில்லை. கொடியடியில் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். துணியை அவிழ்த்து எல்லாவற்றையும் பறக்கவிட்டேன். தூபா நின்றபின் அந்தப் பொடிக்குளவிகள் பெருகின; அந்தப் போகத்தில் புழு இருந்தது, ஆனால் கொடியைத் தின்று முடிக்கவில்லை; காய் தொங்கியது. பொறுக்கிய புழுக்களில் தடித்ததையும் விறைத்ததையும் திரும்பவும் இலையிலேயே விட்டேன். சீன அக்கா என்னைப் பைத்தியம் என்று சிரித்தாள். அடுத்த போகத்தில் அவளும் ஒரு வரிசையைத் தெளிக்காமல் விட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "தாப்பா லா" என்றாள். பரவாயில்லையாம், பார்ப்போமாம்.

அதோடு விட்டிருக்கலாம். உன் அம்மா விடுகிறவளா? கதையில் வருவது சுவரில் மண்கூடு கட்டுகிற பெரிய குளவி அல்லவா, அதையும் பார்த்துவிடுவோம் என்று அடுப்படிச் சுவரிலிருந்த கூடொன்றைக் கத்தியால் பெயர்த்தேன். உள்ளே நாலைந்து பச்சைப்புழுக்கள் அடுக்கிக் கிடந்தன. சாகவும் இல்லை, நகரவும் இல்லை. தொட்டால் லேசாக ஒரு துடிப்பு, அவ்வளவுதான். அவற்றின் நடுவில் வெள்ளையாக ஒரு குளவிக்குஞ்சு, ஒரு புழுவில் வாய் வைத்துத் தின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கொட்டு வாங்கிய புழு குளவியாக மாறுவதில்லை. அசையாமல் கிடக்கிறது. அதைத்தான் நான் அடக்கம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்னும் ஒன்று விளங்கியது. இத்தனை வருஷமும் நான் என்னைக் குளவி என்றும் உன்னைப் புழு என்றும் நினைத்திருந்தேன். குளவி தன் பிள்ளையைக் கொட்டுவதே இல்லை, மகனே. தன் பிள்ளைக்காக அது ஈர மண்ணை உருண்டை உருண்டையாகச் சுமந்து வீடு கட்டுகிறது, இரை தேடி அலைகிறது, கொண்டுவந்து அடுக்கிவைத்து வாசலை அடைத்துவிட்டுப் போகிறது. அந்தப் பொடிக்குளவிகூடத் தட்டித் தட்டி நல்ல இடம் பார்த்துத்தான் பிள்ளையை விட்டது. அவற்றுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லாமல் போயிற்று. நீ என் வயிற்றில் பிறந்த பிள்ளை. உன்னை மாற்றுவதற்கு என்ன இருந்தது?

இதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ அப்போது இந்த வீட்டில்தான் இருந்தாய், மாலையில் வந்து சாப்பிட்டுப் பாடம் படித்தாய். கொடியில் துணி கட்டியிருந்ததை நீ பார்த்தாய். பார்த்துவிட்டு, என்னவென்று கேட்காமல் உள்ளே போனாய். பதினொரு வயதில் அந்தத் துணியைக் கண்டிருந்தால் என் உயிரை வாங்கியிருப்பாய். நீ கேட்பாய், கேட்டால் சொல்லிவிடலாம் என்று நான் ஒவ்வொரு மாலையும் வாசலில் நின்றேன். நீ கேட்கவே இல்லை. நானாகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளையிடம் பிழை ஒப்புக்கொள்வது எங்கள் வீடுகளில் வழக்கமா என்ன? அப்படியே தள்ளிக்கொண்டே வந்து, ஞாயிற்றுக்கிழமை நீ பிரம்பைச் சுற்றி எடுத்தபோது பிடிபட்டேன். அந்தக் கதை பொய் என்று இந்த உலகத்தில் கண்ணால் கண்டவன் நீ. நீயே அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறேன் என்று சிரித்த முகத்தோடு சொல்கிறாய். நீ வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. நீ கண்டதை நீயே மறந்துபோகிற அளவுக்கு நான் அடித்திருக்கிறேன். என் பிள்ளைக்குள்ளிருந்து நான் எதைத் தின்றேன் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது.

அன்று நீ சொன்னது சரி. நான் சொன்னது பிழை. அந்தப் பெண்கள் முன்னால் உன்னை அடித்தது பெரும் பிழை. பத்து வருஷம் பிந்திச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

இப்போது, பிரம்பை வீசு, கதையைச் சொல்லாதே, பிள்ளைகளைக் கேள்வி கேட்கவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். ஏனென்றால் அப்படி எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீ உடனே வீசிவிடுவாய். அம்மா சொன்னதால் எடுத்த பிரம்பை அம்மா சொன்னதால் போடுவாய். அதில் உன் விருப்பம் எங்கே? நாளைக்கு ஒரு தலைமை வாத்தியார் எடு என்றால் அவருக்காக எடுப்பாய். ஆகவே நான் கட்டளை இடவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், என் பிழையைச் சொன்னேன். நாற்பது முகங்களைப் பார்த்து நின்று என்ன செய்வது என்று நீதான் யோசிக்கவேண்டும். யோசிக்கத் தெரிந்த பிள்ளைதான் நீ. ஒருவேளை, பிரம்பே வேண்டாம் என்பது அம்மாவின் புதுப் பைத்தியம் என்று உனக்குத் தோன்றலாம். தோன்றினால் அதையும் எழுது. நான் வருத்தப்படுவேன், சண்டைக்கு வருவேன், உனக்குத்தான் என்னைத் தெரியுமே. ஆனால் அந்தச் சண்டைக்காக ஏங்கிக் கிடக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தபால்காரன் கொண்டுவருகிற உன் பதிலைப் பிரிக்கும்போது, அதன் முதல் வரி "ஓம் அம்மா" என்று இருந்தால் நான் அதற்கு மேல் வாசிக்கமாட்டேன். இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். இதில் எங்காவது நான் பிழையாகச் சொல்லியிருப்பேன். தேடிப் பிடித்து, "இல்லை அம்மா" என்று தொடங்கி எனக்கு ஒரு கடிதம் எழுது, என் ராசா.